தன் நடையில் வடிவியல்

நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்துகின்றார். அவர் எந்தப் பிள்ளையின் நடைக்கு ஏற்ப நடப்பார்? விரைந்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்காக நடந்தால் பின்தங்கிய பிள்ளை விடுபட்டுப் போகின்றது. பின்தங்கிய பிள்ளைக்காக நின்றால் முந்திய பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குகின்றது. ஆகவே அவர் நடுவில் ஒரு நடையைத் தேர்ந்துகொள்கின்றார். பெரும்பாலும் அந்த நடை வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளைக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இதில் ஆசிரியரைக் குறை கூற ஒன்றுமில்லை. மணி அடிப்பதற்குள் பாடம் முடிய வேண்டும். ஆண்டு முடிவதற்குள் புத்தகம் முடிய வேண்டும்.

இந்த இடர்ப்பாடு எல்லாப் பாடங்களுக்கும் உரியதே. ஆயினும் வடிவியலில் அதன் கேடு அதிகம். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மன்னரின் ஆட்சியைத் தவற விட்ட பிள்ளை அடுத்த மன்னரின் ஆட்சியைப் படித்துக்கொள்ளலாம். வடிவியலில் அவ்வாறு தாண்டிச் செல்ல வழியில்லை. அதன் ஒவ்வொரு படியும் முந்திய படியின் மீது நிற்கின்றது.

இந்த ஒழுங்கை உலகுக்கு வகுத்துத் தந்த நூல், கிரேக்க அறிஞர் யூக்ளிடின் 'மூலகங்கள்'. அந்நூலுடன் நம் முன்னோர்க்கு நெடிய உறவு உண்டு. பக்தாதில் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் காலத்தில் அல் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மத்தர் அதனை அரபியில் பெயர்த்தார். கலீஃபா மஃமூனின் காலத்தில் அவரே அதனைச் சுருக்கித் திருத்தினார். நஸீருத்தீன் தூஸி 1248ஆம் ஆண்டில் அதனைப் புதிதாகச் செப்பனிட்டார். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அடெலார்டு இலத்தீனில் பெயர்த்தபோதும் அரபியிலிருந்தே பெயர்த்தார். அந்நூலின் முதற் பாகத்தில் 32ஆவது கூற்றாக வருவது, ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பது. இன்று நம் பிள்ளைகள் '180 பாகை' என்று மனப்பாடம் செய்வது அதுவே. அதனை நிறுவ 31ஆவது கூற்றும் 29ஆவது கூற்றும் வேண்டும். அவற்றை நிறுவ அவற்றுக்கு முந்தியவை வேண்டும். நடுவில் ஒரு படி சரிந்தால் மேலுள்ள படிகள் யாவும் அந்தரத்தில் தொங்கும்.

அப்படி ஒரு படி சரிந்த பிள்ளை நம் இல்லத்திலேயே இருந்தாள். நம் இளைய தம்பி வளைகுடா நாட்டில் பணி புரிகின்றவர். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் முதன்மை, மனனத்தில் முதன்மை, வீட்டுக் கணக்கிலும் கெட்டி. கடைக்குச் சென்றால் மீதிச் சில்லறையைக் கடைக்காரருக்கு முன் சொல்லி விடுவாள். ஆனால் வடிவியல் என்றால் முகம் வாடி விடும். "கணக்கு எனக்கு வராது, பெரிய வாப்பா. பத்தாம் வகுப்போடு அதை விட்டுவிடலாம் அல்லவா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த அச்சொல் நம்மைச் சுட்டது. பதினோராம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவைத் தேர்ந்தால்தான் பொறியியல் முதலிய பல வாயில்கள் திறக்கும். அவ்வாயில்களுள் எதில் நுழைவது என்பதை வளர்ந்த பின் அவள் முடிவு செய்யட்டும். நுழையவே இயலாது என்று பன்னிரண்டு வயதிலேயே தனக்குத் தானே கதவடைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு! அதிலும் 'வராது' என்று அவள் சொன்னது, தனக்கு அந்த அறிவே இல்லை என்னும் பொருளில். அவள் மீது அவளே அளித்துக்கொண்ட தீர்ப்பு அது.

மெல்ல விசாரித்தபோது செய்தி விளங்கிற்று. ஆறாம் வகுப்பில் அம்மை கண்டு மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் கோணங்களை அளக்கும் பாடம் நடந்திருக்கின்றது. திரும்பிச் சென்றபோது வகுப்பு வேறு பாடத்தில் இருந்தது. கோணமானியைப் பிடித்து அளக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. ஏழாம் வகுப்பில் இணைகோடுகளும் குறுக்குவெட்டியும் வந்தன. ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வந்தன. கோணம் என்றால் இன்னது என்றே தெளியாத பிள்ளைக்கு இவையெல்லாம் வெறும் ஓசைகளாயின.

அந்த ஆண்டு விடுமுறைக்கு வந்த தம்பி மகளுக்கென்று ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். அதில் ஒரு கணிதப் பயிற்சிச் செயலியையும் பதித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிள்ளை தன் நடையில் படிக்கலாம்; வேண்டிய இடத்தில் நிற்கலாம்; தெரியாததைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பது அவருடைய எண்ணம்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1953இல் தம் மகள் படித்த நான்காம் வகுப்புக் கணித வகுப்பைச் சென்று பார்த்தார். அங்கே இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டியிருந்தது. தாம் செய்தது சரியா பிழையா என்பது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. இவ்விரண்டையும் தீர்க்கக் கருதி அவர் ஒரு கற்பிக்கும் பொறியைச் செய்தார். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்ஸரும் அவருடைய குழுவினரும் 'பிளேட்டோ' என்னும் கணினிக் கல்வி முறையைத் தொடங்கினர். மாணவர் திரையின் முன் அமர்ந்து தம் நடையில் பாடம் பயின்றனர். 2004இல் பாஸ்டன் நகரில் இருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் கணிதத்தில் பின்தங்கிய தம் உறவுப் பெண்ணுக்குத் தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் பாடம் சொல்லத் தொடங்கினார். வங்காள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பின்னர் பாடங்களைப் பதிவு செய்து இணையத்தில் இட்டார். நேரில் சொல்வதைவிடப் பதிவே நன்றாக இருக்கின்றது என்று உறவுப் பிள்ளைகள் கூறினார்களாம். காரணம் எளிது. பதிவை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஐந்தாம் முறையாகக் கேட்டாலும் அது முகம் சுளிக்காது. அம்முயற்சியே கான் அகாடமியாக வளர்ந்தது.

முகம் சுளிக்காமை என்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை நம் இல்லத்தில் கண்டோம். முதல் வாரத்திலேயே தம்பி மகள் ஏழாம் வகுப்புப் பாடத்தை மூடிவிட்டு ஐந்தாம் வகுப்புப் பாடத்திற்குச் சென்று விட்டாள். எவரும் சொல்லவில்லை, தானே சென்றாள். கோடு, கதிர், கோணம் என்று தொடக்கத்திலிருந்து பார்த்தாள். வகுப்பில் அமர்ந்துகொண்டு, "ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மீண்டும் சொல்லித் தாருங்கள்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்க முடியுமா? அந்த வெட்கத்தை அந்தச் சிறு பலகை போக்கி விட்டது. அவள் எந்தப் படியில் நிற்கின்றாள் என்பது அவளுக்கும் அப்பலகைக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாயிற்று.

ஒரு மாதம் சென்றது. "பத்தில் ஒன்பது" என்று மகிழ்ச்சியோடு திரையைக் காட்டினாள். அருகில் அமர்ந்து பார்த்தோம். கோணமானியின் படத்தின் மேல் ஒரு கோணம் வரையப்பட்டிருந்தது. அளவு என்ன என்பது கேள்வி. நான்கு விடைகள் கீழே இருந்தன. அவள் 50 என்பதைத் தொட்டாள். சிவப்பு நிறம் தோன்றியது. உடனே 130 என்பதைத் தொட்டாள். பச்சை நிறம் தோன்றியது. அடுத்த கேள்வி வந்து விட்டது.

"முதலில் ஏன் 50 என்றாய் மகளே?" என்று கேட்டோம்.

"அந்தக் கோட்டில் 50 என்றும் எழுதியிருக்கிறது, 130 என்றும் எழுதியிருக்கிறது. ஒன்று இல்லையென்றால் மற்றொன்று. இரண்டாம் முறை சரியாகிவிடும்."

"எது சரி என்று தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா?"

அவள் சற்று யோசித்தாள். பிறகு கூறியது இன்னும் நம் செவியில் இருக்கின்றது. "பெரிய வாப்பா, பிழை என்று அது சொல்கிறது. ஏன் பிழை என்று சொல்லவில்லையே!"

குறை அவளிடம் இல்லை. கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. ஒன்று வலமிருந்து தொடங்கும்; மற்றொன்று இடமிருந்து தொடங்கும். எதைப் படிப்பது என்று தடுமாறாத பிள்ளையே இல்லை எனலாம். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்காமலேயே மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ள ஒரு குறுக்கு வழியை அந்த நான்கு விடைகள் அவளுக்குக் கற்பித்து விட்டன. ஸ்கின்னர் இதனை அன்றே உணர்ந்திருந்தார். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்வதைவிட விடையை மாணவரே உருவாக்கித் தர வேண்டும் என்பது 1958இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து. இன்றும் பயிற்சிச் செயலிகள் பலவற்றில் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே மிகுந்துள்ளன. திருத்துவதற்கு அவையே எளியவை.

டேப்லெட்டை அப்பால் வைத்துவிட்டு ஒரு பழைய காகிதத்தை எடுத்தோம். அதனை ஒரு முறை மடித்து, மடிப்பின் மேல் மடிப்புப் பொருந்துமாறு மறுமுறை மடித்தால் மூலையில் ஒரு செங்கோணம் கிடைக்கும். அந்த மூலையைத் திரையில் இருந்த கோணத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னோம். கோணம் மூலையைவிட அகன்று நின்றது. "அப்படியானால் இது 90ஐ விடப் பெரியது. 50 ஆக இருக்க முடியாது!" என்றாள். கண்களில் ஒரு வெளிச்சம். அன்று மாலை முழுவதும் வீட்டில் இருந்த கோணங்களையெல்லாம் காகித மூலையால் அளந்துகொண்டிருந்தாள். கதவு திறந்திருக்கும் கோணம், ஏணி சாய்ந்திருக்கும் கோணம், தொழுகைப் பாயின் ஓரத்தில் நெய்யப்பட்ட நட்சத்திரத்தின் முனை, யாவும் அளக்கப்பட்டன. மறுநாள் திரைக்கு மீண்டபோது அவள் விரல் அவசரப்படவில்லை. முதலில் கண் பார்த்தது. பிறகு விரல் தொட்டது.

1957இல் நெதர்லாந்தில், கணவனும் மனைவியுமான வான் ஹீலே என்னும் இரு ஆசிரியர்கள் வடிவியல் கற்கும் பிள்ளைகளின் சிந்தனையைப் பற்றி ஆய்வேடுகள் எழுதினர். பிள்ளைகள் முதலில் வடிவத்தைத் தோற்றத்தால் மட்டுமே அறிகின்றனர். சதுரத்தைச் சற்றுத் திருப்பி முனையில் நிறுத்தினால் அதனைச் சதுரம் என்று அவர்கள் ஒப்புவதில்லை. அடுத்த படியில் பண்புகளைக் காண்கின்றனர். நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம் என்று எண்ணுகின்றனர். அதற்கும் அடுத்த படியில் பண்புகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் காண்கின்றனர். அதன் பின்னரே நிறுவல் என்பது அவர்களுக்குப் பொருள்படும். வயது ஏறினால் இப்படிகள் தாமாக ஏறி விடுவதில்லை என்பதும், கற்பிக்கும் முறையும் பேசும் மொழியுமே பிள்ளையை மேலேற்றுகின்றன என்பதும் அவர்களுடைய முடிவு. பேசும் மொழி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தொட்டுத் தொட்டு விடை தரும் பிள்ளை ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இதனால் திரையை நாம் வெறுக்க வேண்டும் என்பதில்லை. காகிதத்தால் இயலாத ஒன்றைத் திரை செய்யும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் 'ஜியோஜீப்ரா' என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்னும் தலைப்பில் அதற்கு வழி காட்டியிருக்கின்றார்கள். அதில் ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் உச்சியை விரலால் இழுத்தால் முக்கோணம் நீளும், சாயும், ஒடுங்கும். காகிதத்தில் வரைந்தது ஒரே முக்கோணம். திரையில் ஒரே நிமிடத்தில் நூறு முக்கோணங்கள். விரிகோண முக்கோணத்தின் குத்துயரம் அதற்கு வெளியே விழும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் நம்பாத பிள்ளை, உச்சியை இழுத்து இழுத்து அந்தக் குத்துக்கோடு அடிப்பக்கத்தைத் தாண்டி வெளியே செல்வதைக் கண்டால் நம்பி விடும்.

தம்பி மகள் அதில் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்த்தாள். எப்படி இழுத்தாலும் 180. ஒரு முறை மட்டும் 52.13, 61.34, 66.54 என்று வந்தது. தாளில் கூட்டினாள்; 180.01 ஆயிற்று. கணினி பொய் சொல்கின்றதா, அல்லது புத்தகம் பொய் சொல்கின்றதா என்று ஓடி வந்தாள். திரை ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுகின்றது. மூன்று சிறு மிகைகள் சேர்ந்து அந்த 0.01 ஆயிற்று என்று விளக்கினோம்.

"அப்படியானால் சரியாக 180 என்று எப்படித் தெரியும்? அளந்து பார்த்துச் சொல்ல முடியாதே!" என்றாள்.

இந்தக் கேள்விக்காகவே நாம் காத்திருந்தோம் எனலாம். அளவு எவ்வளவு நுட்பமாயினும் உறுதி தராது, நிறுவலே தரும். முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரையச் சொன்னோம். மூலைமட்டத்தை நகர்த்தி அவளே வரைந்தாள். அடியில் உள்ள இரு கோணங்களுக்கும் சமமான ஒன்றுவிட்ட கோணங்கள் மேலே அக்கோட்டின் இரு புறமும் இருப்பதை அவளே கண்டாள். நடுவில் உச்சிக் கோணம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டின் மேல் அமர்ந்தன. வெறும் ஓசையாக இருந்த 'ஒன்றுவிட்ட கோணம்' அன்றுதான் அவளுக்குப் பொருளுடைய சொல்லாயிற்று. இரவு உணவுக்குப் பின் தன் உம்மாவை அமர்த்தி அதே நிறுவலைச் சொல்லிக் காட்டினாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற அந்த அம்மையார் தையல் தெரிந்தவர். இரவிக்கைக்குக் கிராஸ் துணி வெட்டும்போது சதுரத் துண்டை மூலைக்கு மூலை மடிப்பது ஏன் என்று மகளிடம் திருப்பிக் கேட்டார். செங்கோணம் பாதியானால் 45 என்று மகள் கூற, "இத்தனை ஆண்டு நான் வெட்டியது இதுதானா!" என்று அவர் வியந்தார்.

திரை, காகிதம், கேட்கின்ற ஓர் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் பிள்ளை முன்னேறினாள் என்பது நம் இல்லத்து அனுபவம். ஓர் இல்லத்து அனுபவத்தை ஊருக்குச் சட்டமாக்கலாகாது. எனவே பலரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றையும் சொல்லுவோம். 2015இல் டில்லியில் அரசுப் பள்ளிகளில் படித்த நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் 619 பேரைக் கொண்டு, கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியான் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கணினிப் பயிற்சி மையங்களில் இலவசமாகச் சேரும் வாய்ப்புக் குலுக்கல் முறையில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஒரு நாள் பயிற்சி 90 நிமிடம். அதில் 45 நிமிடம் கணினியின் முன், பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம். எஞ்சிய 45 நிமிடம் சிறு குழுவாக அமர்ந்து ஓர் உதவி ஆசிரியரிடம் கற்றல்.

தொடக்கத்தில் சோதித்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தனர். மேல் வகுப்புகளில் இந்த இடைவெளி இன்னும் விரிந்திருந்தது. ஏறத்தாழ நான்கரை மாதத்திற்குப் பின், வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள் பெறாத பிள்ளைகளைவிட ஆய்வாளர் நடத்திய தேர்வில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தனர். கணித முன்னேற்றம் மற்றப் பிள்ளைகளின் முன்னேற்றத்தைப்போல் இரு மடங்கு என்று 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறுகின்றது.

இதே ஆய்வில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. ஒன்று, இப்பயன் கணினியால் மட்டும் விளைந்ததென்று கூற இயலாது. கணினியும் உதவி ஆசிரியரும் சேர்ந்த ஏற்பாட்டின் பயன் அது. மற்றொன்று, பள்ளிகள் நடத்திய கணிதத் தேர்வில் அப்பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஏன்? பின்தங்கிய பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பாடத்திற்கு ஏறியிருக்கும். பள்ளித் தேர்வோ ஏழாம் வகுப்புக் கேள்விகளைக் கேட்கும். பிள்ளை ஏறியது உண்மை. தேர்வுத் தாளுக்கு அது தெரியாது.

பெற்றோர் பொறுமையிழப்பது இந்த இடத்தில்தான். "இத்தனை பணம் போட்டு வாங்கிக் கொடுத்தோம், காலாண்டுத் தேர்வில் என்ன எடுத்தாய்?" என்று கேட்கின்றார்கள். தம்பியும் தொலைபேசியில் அதே கேள்வியைத்தான் கேட்டார். காலாண்டில் அவளுக்கு அதிகம் ஏறவில்லை. "தம்பி, மகள் இப்போது அடித்தளம் தோண்டிக்கொண்டிருக்கின்றாள். தோண்டும்போது வீடு உயர்வதில்லை" என்று நாம் கூறினோம். அவர் சிரித்தார். அரையாண்டில் சற்று ஏறியது. அதைவிட நமக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. "கவராயத்தின் திருகு தளர்ந்து விட்டது, வேறு வாங்கித் தாருங்கள்" என்று அவள் கேட்டாள். முன்பெல்லாம் அவளுடைய கவராயம் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

நம் வாசகக் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் இன்று திரை இருக்கின்றது. அது யார் கையில் இருக்கின்றது என்பதே கேள்வி. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது மகனோடு வெளியே சென்று விடுகின்றது. மகள் பாடநூலில் அச்சிட்ட கட்டக் குறியீட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். 2017இல் தொடங்கப்பட்ட 'திக்ஷா' தளத்தின் பாடங்களை அக்குறியீட்டின் வழியாகக் கட்டணமின்றிப் பெறலாம். ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் பின்னர் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். தனியே டேப்லெட் வாங்க இயலாத வீட்டிலும் நாளொன்றுக்கு அரை மணி நேரம் கைப்பேசியை மகளுக்கென்று ஒதுக்க இயலும். அந்த அரை மணி நேரம் அவளுடைய உரிமை என்று வீட்டில் எல்லோரும் ஒப்ப வேண்டும்.

அந்த அரை மணியை எப்படிச் செலவிடுவது? நம் இல்லத்தில் பழகி வந்தவற்றைக் கூறுகின்றோம்; ஏற்பவர் ஏற்கலாம். திரையின் அருகில் நோட்டுப் புத்தகமும் வடிவியல் பெட்டியும் இருக்க வேண்டும். விடையைத் தொடுவதற்கு முன் படத்தை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து மூன்று பிழை வந்தால் திரையை மூடிவிட்டு எவரையேனும் அழைக்க வேண்டும். நாள்தோறும் ஒரு கணக்கை, ஏன் அவ்வாறு வருகின்றது என்று வாயால் சொல்ல வேண்டும். கேட்பவர் கணிதம் கற்றவராக இருக்க வேண்டியதில்லை. உம்மாவோ பாட்டியோ போதும். "எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்" என்று அவர்கள் உண்மையாகவே கூறினால் அதுவே நல்ல ஆசிரியம். வாரம் ஒரு முறை பெற்றோர் பார்க்க வேண்டியது எத்தனை நட்சத்திரம் கிடைத்தது என்பதன்று. எந்தப் பாடத்தில் பிள்ளை மூன்று நாளாக நின்றுகொண்டிருக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பள்ளி ஆசிரியரிடம் சென்று, "என் மகள் இங்கே நிற்கின்றாள்" என்று சொன்னால் அவர் ஐந்து நிமிடத்தில் தீர்த்து வைப்பார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை எங்கே நிற்கின்றது என்று தேடிக் காணவே அவருக்கு நேரமில்லை. கண்டதைக் கையில் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

தன் நடையில் கற்றல் என்பதைத் தனியே கற்றல் என்று பலர் பொருள் கொண்டு விடுகின்றனர். பொறியைக் கையில் கொடுத்து அறைக்குள் அனுப்பி விட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். நடை பிள்ளையுடையதாக இருக்கட்டும். பாதையில் துணை வேண்டும். பொறி சலிக்காமல் காத்திருக்கும். அது பெரிய உதவியே. ஆனால் பிள்ளை ஓரிடத்தில் நின்று வாடினாலும் அது அதே பொறுமையோடு காத்துக்கொண்டேதான் இருக்கும். நின்று விட்டதே என்று பதறுவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.

பெற்றோர்களே, இன்று இரவு உங்கள் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வாரம் எந்த இடத்தில் நின்றாய்?" அதற்கு வரும் மறுமொழியைக் குறுக்கிடாமல் இறுதி வரை கேளுங்கள்.